இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? ஃபேண்டஸி, விஞ்ஞானப் புனைகதை வாசிக்கும் திருகோணமலைக்காரர் எல்லோரும் வாருங்கள்

உப்புவெளிச் சித்தி · வெள்ளி, இரவு 8.40

வாடை தொடங்கிவிட்டது. கடல் கலங்கிப் போய் அத்தானின் வள்ளம் ஒரு கிழமையாகக் கரையில் இழுத்துப் போட்டபடி கிடக்கிறது. பின்னேரமானால் மழை, மழை வந்தால் கரண்ட் போய்விடும், அப்புறம் வாசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் இந்த மாதம் இரண்டு புத்தகம் ஒன்றாக ஓடுகிறது.

ஒன்று ஆர்தர் சி. கிளார்க்கின் ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’. 1979இல் வந்தது, ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதும் வாங்கியது. பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிற கதை. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் ஓர் இடத்திலிருந்து இழையை இறக்கி நிலத்தில் கட்ட வேண்டும், அதற்குப் பூமத்திய ரேகையில் ஓர் உயரமான மலை வேண்டும். இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே! மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்து, தப்ரபேன் என்று பெயரும் வைத்துவிட்டார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் அப்படியே இருக்கின்றன.

மற்றது ஊர்சுலா லெகுவினின் ‘எ விஸர்ட் ஒஃப் ஏர்த்சீ’, 1968. இதை நான் எனக்காக மட்டும் வாசிக்கவில்லை. அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஆங்கிலம் இன்னும் அவ்வளவு ஓடாது. இரவில் நான் ஓர் அத்தியாயம் வாசித்து அடுத்த நாள் அவளுக்குத் தமிழில் சொல்கிறேன். அவள் கேட்கிற கேள்விகளுக்குத்தான் எனக்குப் பதில் வராமல் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள், உங்களுக்கு ஆகப் பிடித்தது எது, ஏன் பிடித்தது? பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு வரி எழுதுங்கள்.


இரவு ரயில் · வெள்ளி, இரவு 9.15

அக்கா, நான் கொழும்பில் வேலை, மாதம் ஒரு தரம் இரவு ரயிலில் ஊருக்கு வருவேன். என் வாசிப்பு முழுக்க அந்த ரயிலில்தான். போன முறை அதே கிளார்க்கின் ‘ரான்டெவூ வித் ராமா’ வாசித்தேன், 1973இல் வந்த புத்தகம். சூரியனை நோக்கி ஒரு பெரிய உருளை வருகிறது, 50 கிலோமீற்றர் நீளம், 20 கிலோமீற்றர் அகலம். கிரேக்க, ரோமப் பெயர்களெல்லாம் முடிந்துவிட்டதால் இந்துக் கடவுள்களின் பெயரை வைக்கத் தொடங்கியிருந்தார்களாம், அதனால் அதற்கு ராமா என்று பெயர். உள்ளே இறங்குகிறவர்களுக்கு முழு இருட்டு. கையில் இருக்கும் விளக்கு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் உலகம்.

கல்லோயாச் சந்தி தாண்டி யானைக்காட்டுக்குள் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகிறது, பெட்டியில் ஒரு லைட்தான் எரிகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, ராமாவுக்குள் யாரும் தொடாமலே விளக்குகள் பற்றிக்கொண்டு முழு உலகமும் ஒரே வெளிச்சமாகத் தெரிகிற இடம் வந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீனக்குடா வரும்வரை திறக்கவில்லை.

அதில் ஆட்களின் குணம் அவ்வளவாக மனதில் நிற்காது, உண்மை. ஆனால் இடம் நிற்கும். எனக்கு அது போதும்.


சல்லிக்கரை · வெள்ளி, இரவு 10.02

கிளார்க் என்றதும் வந்துவிட்டேன். எங்கள் ஊர்க்கடலில் அவர் முங்கியிருக்கிறார், அது எத்தனை பேருக்குத் தெரியும்? 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008 மார்ச்சில் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். வந்த புதிதில் கூட்டாளி மைக் வில்சனோடு சுவாமிமலைக்கடியில் முங்கி, போர்த்துக்கேயர் 1620களில் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் தூண்களையும் கல்லுகளையும் பார்த்தார்கள். ‘த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ என்று 1957இல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அது கதைப் புத்தகம் இல்லை, அனுபவம். வில்சன் பிறகு சாமியாராகி சுவாமி சிவகல்கி என்று பெயர் எடுத்தார்.

நானும் அந்த இடத்தில் முங்கியிருக்கிறேன். சோளகக் காலத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். சாதாரணப் பாறைதான் என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனால் ஓர் ஓரம் நேராக இருக்கும். கடலுக்குள் எதுவுமே நேராக இருக்காது, பவளம் நேராக வளராது, பாறை நேராக உடையாது. அந்த நேர்க்கோட்டைக் கண்டதும் மனிதக் கை என்று உடம்புக்கு முதலில் தெரியும், மூளைக்குப் பிறகுதான் தெரியும். கையால் தடவினேன், பாசியும் சிப்பியும் ஒட்டிய அந்தக் கல்லில் சதுரமாக ஒரு குழி இருந்தது. இன்னொரு கல்லின் முளை வந்து பொருந்துகிற குழி. மேலே வந்து வள்ளத்தில் ஏறிப் பத்து நிமிடம் யாரோடும் கதைக்கவில்லை.

வேற்றுக்கிரகத்தார் விட்டுப்போன பொருளை மனிதர் தொட்டுப் பார்க்கிற இடங்களை கிளார்க் எழுதும்போது எனக்கு இந்தக் குழிதான் ஞாபகம் வரும். அவருக்கும் இது மனதில் இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.


கிண்ணியாப் பாலம் · சனி, காலை 6.50

சுபஹு தொழுதுவிட்டு வாசித்தேன், சல்லிக்கரை நானா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

என் கையில் இருப்பது வஜ்ர சந்திரசேகரவின் ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’. கொழும்புக்காரர், 2023இல் வந்தது, சிறந்த நாவலுக்கான நெபியூலா விருது கிடைத்தது. பிறந்த உடனே தாய் பிள்ளையின் நிழலைப் பிய்த்து எடுத்துவிடுகிறாள். நிழல் இல்லாத பிள்ளை. தகப்பன் ஒரு பெரிய மதத் தலைவர், அவரைக் கொல்வதற்கென்றே தாய் அவனை வளர்க்கிறாள். வளர்ந்ததும் அவன் அதையெல்லாம் விட்டுவிட்டு லூரியாட் என்ற நகரத்துக்குப் போய் இருக்கிறான். அங்கே நிறம் தீட்டிய கதவுகள் இருக்கின்றன, மூடியபடி, யாராலும் திறக்க முடியாமல்.

இதில் மந்திரமும் பேயும் இருக்கின்றன. ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல. ஊரடங்கு, முகாம், படிவம், எந்த இனம் எந்த வகுப்பு என்று எழுதி வைத்துக்கொண்டு ஆட்களைப் பிரிக்கிற அலுவலகம், கலவரம் வரப்போகிறது என்று தெரிந்தும் கடையைத் திறக்கிற மனிதர். வெளிநாட்டில் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைக் கற்பனை வளம் என்கிறார்கள். நான் வாசிக்கும்போது பல பக்கத்தில் கற்பனையே தெரியவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வருமுன்னர் பாதைப் படகில் ஏறி, இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி நின்ற ஆளுக்கு அந்த நகரம் தெரிந்த நகரம்.

கொஞ்சம் கஷ்டமான ஆங்கிலம். நடுவில் ஐம்பது பக்கம் இழுக்கும், விடாமல் பிடியுங்கள்.


உப்புவெளிச் சித்தி · சனி, காலை 9.30

நானா, உங்கள் புத்தகத்தில் நிழல் இல்லாத ஆள். நான் சொல்கிற ஏர்த்சீயில் நிழல் ஒன்று ஆளைத் துரத்துகிறது! கெட் என்ற பெடியன், வயது பத்தொன்பது ஆகவில்லை, பள்ளியில் இன்னொருவனோடு போட்டி போட்டு, செய்யக்கூடாத மந்திரம் ஒன்றைச் செய்து, இறந்தவர் உலகத்திலிருந்து ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகிறான். மீதிக் கதை முழுக்க அதுதான். முடிவை நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

சரி, என் கஷ்டத்தைச் சொல்கிறேன். ‘விஸர்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதல் நாள் மந்திரவாதி என்று சொன்னேன். பிள்ளை உடனே “சூனியம் வைக்கிற ஆளா?” என்றாள். எங்கள் ஊரில் மந்திரவாதி என்றால் எலுமிச்சம்பழமும் கோழியும்தானே. ஆனால் கெட் அப்படிப்பட்டவன் இல்லை. அவனுடைய குரு ஓகியன் மழையை நிறுத்தக் கூடிய ஆள், ஆனால் நிறுத்தாமல் மரத்தடியில் நனைந்தபடி படுப்பார். இங்கே நிறுத்தினால் வேறெங்கோ கூடப் பெய்யும் என்று தெரிந்தவர். அவரை மந்திரவாதி என்று எப்படிச் சொல்வேன்?


பழுப்புத்தாள் · சனி, காலை 10.45

தங்கச்சி, சித்தர் என்று சொல்லுங்கள். அடக்கம், மருந்து, மறைபொருள் எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது.


சல்லிக்கரை · சனி, காலை 11.10

ஐயா, சித்தர் என்றால் பிள்ளைக்குத் தாடியும் காவியும்தான் கண்ணில் வரும். கெட் ஆட்டுக்காரப் பெடியன், கடலோடி.


கிண்ணியாப் பாலம் · சனி, நண்பகல் 12.20

எங்கள் பக்கம் ஓதி ஊதுகிறவர் என்போம், உங்கள் பக்கம் பார்வை பார்க்கிறவர் என்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் போகுமுன் ஒருவர் வந்து நெற்றியில் கை வைத்து எதையோ முணுமுணுப்பாரே, அவர். சூனியக்காரன் என்று யாரும் அவரைப் பயப்பட மாட்டார்கள். கெட்டின் மாமி, ஆடுகளைக் கூப்பிடுகிற சொல்லைச் சொல்லிக்கொடுப்பவள், அவளுக்கு ‘பார்வை பார்க்கிற மாமி’ சரியாகப் பொருந்தும். பெரிய ஆட்களுக்கு வேறு சொல் தேடுங்கள்.


உப்புவெளிச் சித்தி · சனி, இரவு 7.55

நானா! மாமிக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது. இன்றைக்கு அந்த ஆடு வருகிற இடத்தைத்தான் மறுபடி சொன்னேன். பெடியன் விளங்காமலே சொல்லைச் சொல்லிவிடுகிறான், மலை முழுக்க இருந்த ஆடு ஒரு சத்தமும் போடாமல் அவனிடம் வந்து நெருக்கிக்கொண்டு நிற்கிறது, விலக மாட்டேன் என்கிறது, அவன் அழுதுகொண்டு ஊருக்குள் ஓட ஆடெல்லாம் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. பிள்ளை கோட்டையடியில் பாண் துண்டுக்காக மான்கள் வந்து நெருக்குவதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மானுக்குப் பாண் வேணும், அதால வருது. ஆட்டுக்கு ஒண்டும் வேண்டாம், ஏன் வந்தது?” என்று கேட்டாள். கதையின் பயமே அதுதான். நான் விளக்கவே இல்லை, தானாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

பெரிய ஆட்களுக்கு இப்போதைக்கு ‘அறிவர்’ என்று சொல்கிறேன். பழைய சொல், அவளுக்குப் புதுச் சொல், அதனால் கெட்ட ஞாபகம் ஒன்றும் அதில் ஒட்டியிருக்கவில்லை. டிராகனை டிராகன் என்றே விட்டுவிட்டேன். அவளுக்கு ரிவியில் பார்த்துப் பழக்கம்.


மூதூர்த் தோணி · சனி, இரவு 9.05

நான் இந்தப் பக்கம் கனகாலமாக வரவில்லை, இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தீவுக் கதை என்றால் எங்கள் கொட்டியாரக் குடாவைச் சொல்லாமல் விட முடியாது. 1660இல் மூதூரில் கரையிறங்கிய கப்பலிலிருந்து ரொபர்ட் நொக்ஸையும் தகப்பனையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே செத்தார், மகன் பத்தொன்பது வருடம் கழித்து 1679இல் தப்பி ஓடினான். 1681இல் அவன் எழுதிய புத்தகம் டீஃபோவின் ‘ரொபின்சன் குரூஸோ’வுக்கு ஒரு தூண்டுதல் என்று பல ஆய்வாளர்கள் சொல்வார்கள். தனித் தீவில் மாட்டுப்படும் மனிதனின் கதை அதற்குப் பிறகு செவ்வாய்க் கிரகம்வரை போய்விட்டது. அந்த வரிசையின் தொடக்கத்தில் எங்கள் களிமண் கரையும் இருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை.

வாசிப்பது: லியூ சீசினின் ‘த்ரீ பொடி ப்ரொப்ளம்’. மூன்று சூரியன் உள்ள உலகம். நூறு பக்கம் தாண்டினேன், இன்னும் பிடிபடவில்லை. யாராவது தொடரச் சொன்னால் தொடர்வேன்.


இரவு ரயில் · சனி, இரவு 9.20

தொடருங்கள் அண்ணா. கலாசாரப் புரட்சியில் தகப்பனை அடித்துக் கொன்றதைக் கண் முன்னே பார்த்த மகள், பிறகு வானத்துக்கு என்ன செய்தி அனுப்புகிறாள் என்பதற்காகவாவது வாசிக்க வேண்டும்.


பழுப்புத்தாள் · ஞாயிறு, காலை 8.30

எல்லோரும் ஆங்கிலப் புத்தகமாகச் சொல்கிறீர்கள். குறை சொல்லவில்லை, நானும் வாசித்தவன்தான். ஆனால் தங்கச்சியின் பிள்ளைக்குத் தமிழில் ஒன்றுமில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இலங்கையில் எழுதப்பட்ட தொடக்ககாலத் தமிழ் நாவல்களில் ஒன்று ‘ஊசோன் பாலந்தை கதை’. 1891. எழுதியவர் இன்னாசித்தம்பி, திருகோணமலைக்காரர். அது ஐரோப்பாவின் பழைய வீரகதை ஒன்றின் தழுவல். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அரண்மனையில் வளர்கிறான், மற்றவனைக் கரடி தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் வளர்க்கிறது. அந்த ஐரோப்பிய மூலக் கதையில் பேசுகிற பித்தளைத் தலையும் பறக்கிற மரக்குதிரையும் உண்டு. இதை ஃபேண்டஸி என்று சொல்லாமல் எதைச் சொல்வது? நான்கு வருடம் கழித்து, 1895இல், இதே ஊரில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’ எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தச் சின்ன ஊரிலிருந்து இவ்வளவு துணிச்சல்.

இனி என் கதை. என் இளமையில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. புத்தகமாக வாங்க வழியில்லை. யார் யார் வீட்டிலோ கிடந்த இதழ்களில் கிழித்துச் சேர்த்து, பசை தடவி, சணல் நூலால் தைத்து, பழைய கலண்டர் அட்டை போட்டு பைண்ட் பண்ணிய பிரதி ஒன்று எனக்கு வந்தது. நடுவில் மூன்று வாரம் இல்லை. இல்லாத இடத்தில் முன்னர் வைத்திருந்த யாரோ கொப்பித் தாளில் நீல மையால், தான் கேள்விப்பட்டபடி கதையை எழுதிச் செருகியிருந்தார். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிற பேச்சை அந்த ஆள் தன் சொந்தக் கற்பனையில் எழுதியிருந்தார் என்று பல வருடம் கழித்து முழுப் புத்தகம் வாசித்தபோதுதான் தெரிந்தது. இன்றும் எனக்கு அந்த ஆள் எழுதிய ஜீனோதான் கூடப் பிடிக்கும். யாரென்று தெரியாது. பிரதியும் 2004 டிசம்பர் 26 கடலோடு போய்விட்டது.

சுஜாதா 2008 பெப்ரவரி 27 இறந்தார், கிளார்க் மார்ச் 19. மூன்று கிழமைக்குள் இரண்டு பேரும்.


சல்லிக்கரை · ஞாயிறு, காலை 9.15

ஐயா, அந்த நீல மைத் தாளைப் பற்றி இன்னும் எழுதுங்கள். என்ன எழுதியிருந்தார்?


பழுப்புத்தாள் · ஞாயிறு, காலை 10.40

ஞாபகம் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஜீனோ இயந்திரம், அதற்குப் பசிக்காது. ஆனால் அந்தத் தாளில் ஜீனோ அடுப்படி வாசலில் போய்ப் படுத்திருக்கும். ஏன் என்று கேட்டால், “மற்ற நாய்கள் இங்கேதான் படுக்கின்றன, நான் பழகுகிறேன்” என்று சொல்லும். சுஜாதாவில் நான் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.


கிண்ணியாப் பாலம் · ஞாயிறு, காலை 11.05

அந்த ஒரு வரிக்காகவே அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கை கொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

ஐயா, பிரதிகள் போனது பற்றிச் சொன்னீர்கள். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹைட் 451’, 1953இல் வந்தது, புத்தகம் எரிக்கிற நாட்டைப் பற்றியது. முடிவில் காட்டுக்குள் ஆட்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருப்பார்கள், அந்த ஆள்தான் அந்தப் புத்தகம். அதை நான் முதலில் வாசித்தபோது 1981 யாழ்ப்பாண நூலகம்தான் நினைவில் வந்தது, கிட்டத்தட்ட 97,000 புத்தகம். இப்போது உங்கள் நீல மை ஆளும் சேர்ந்துகொண்டார்.

பழைய ஈழத்துப் புத்தகம் தேடுகிறவர்கள் நூலகம் இணையத்தளத்தில் பாருங்கள். 2005இலிருந்து ஸ்கேன் பண்ணிப் போடுகிறார்கள், காசில்லை.


மூதூர்த் தோணி · ஞாயிறு, மாலை 4.30

கடல் கொண்ட கோயில், கடல் கொண்ட புத்தகம் என்றதும் புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ ஞாபகம் வந்தது. பாண்டியர் காலக் கதை, இளவரசன், பழந்தீவுகள் எல்லாம் வரும். நல்ல நாவல்.


பழுப்புத்தாள் · ஞாயிறு, மாலை 5.10

தம்பி, நாவல் நா. பார்த்தசாரதி எழுதியது. புதுமைப்பித்தன் எழுதியது அதே பெயரில் ஒரு சிறுகதை. நீங்கள் வாசித்தது நா.பா. இரண்டும் வேறு வேறு. புதுமைப்பித்தனுடையதைக் கட்டாயம் வாசியுங்கள், மிரண்டுவிடுவீர்கள்.


மூதூர்த் தோணி · ஞாயிறு, மாலை 5.25

ஓம் ஐயா, மாறிவிட்டது. மன்னிக்கவும், தேடி வாசிக்கிறேன்.


உப்புவெளிச் சித்தி · ஞாயிறு, இரவு 8.15

இன்றைக்குப் பெயர் விஷயம். ஏர்த்சீயில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைத் தெரிந்தவனுக்கு அந்த ஆள் மேல் அதிகாரம் உண்டு, அதனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், கூப்பிடுவதற்கு வேறு பெயர். நான் ‘மெய்ப்பெயர்’ என்று சொல்லி, அடையாள அட்டையில் இருக்கிற பெயர் மாதிரி என்று விளக்கினேன். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. “இல்லை சித்தி, பள்ளிக்கூடத்துப் பெயர் எல்லாருக்கும் தெரியும். வீட்டில கூப்பிடுற பெயர் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் மெய்ப்பெயர்.” அவளை வீட்டில் கூப்பிடுகிற பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் கொன்றுவிடுவாள்.


கிண்ணியாப் பாலம் · ஞாயிறு, இரவு 9.40

பிள்ளை சொன்னதுதான் சரி ராத்தா. ஒரு காலத்தில் சாவடியில் பெயரைச் சொன்னால் போதும், எந்த ஊர், எந்த மதம், எந்தப் பக்கம் என்று எல்லாம் அவர்களே முடிவு பண்ணிவிடுவார்கள். பெயர் தெரிந்தவனுக்கு அதிகாரம் என்று லெகுவின் எழுதியது எங்களுக்குக் கற்பனையாக இருக்கவில்லை. அந்த நாள்களில் என் உம்மா, வெளியே போகும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், “மகன்” என்று மட்டும்தான். இதை எழுதும்போதுதான் எனக்கே அது விளங்குகிறது.


சல்லிக்கரை · திங்கள், காலை 7.20

ராத்திரி இதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை.

சித்தி அக்கா, காற்றுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? ஏர்த்சீயில் அறிவர்கள் காற்றை வரவழைத்துப் பாய் விரிப்பார்களே. ஆங்கிலத்தில் வடக்குக் காற்று, கிழக்குக் காற்று என்று இருக்கும். அப்படியே சொல்லிவிடாதீர்கள். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று சொல்லுங்கள். மீன்பிடிக்காரன் மகளுக்கு வடகிழக்குக் காற்று என்றால் பாடப்புத்தகம். வாடை என்றால் அப்பா கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற காற்று. கச்சான் என்றால் உடம்பு எரிகிற காற்று. அப்புறம் கெட் காற்றை மாற்றினான் என்று சொல்லும்போது என்ன செய்தான் என்று அவளுக்கு உடம்பாலேயே தெரியும்.


உப்புவெளிச் சித்தி · திங்கள், இரவு 8.30

தம்பி, அப்படியே செய்தேன். பத்தாம் அத்தியாயத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம். ‘கெட் வாடையை நிறுத்திக் கொண்டலைக் கூப்பிட்டான்’ என்றதும் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அத்தான் தலையை நிமிர்த்தி, “கொண்டலில எந்தப் பக்கம் ஓடினவன்?” என்று கேட்டார். மேற்கே என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வலையைப் பொத்தினார். ஆனால் அதற்குப் பிறகு எழும்பிப் போகவில்லை. இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த இடத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். கெட்டிடம் வள்ளம் சரியில்லை. ஒரு தீவில் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிய கிழட்டு மீன்பிடிக்காரன், தன் பழைய பாய்வள்ளத்தைக் கொடுக்கிறான். கெட் அதைச் செப்பனிட்டதோடு, கிழவனின் கண்ணில் இருந்த புரையையும் நீக்கிவிடுகிறான். கிழவன் அதற்குத் தூரம் பார்ப்பவள் என்று பொருள்படும் பெயரை வைக்கச் சொல்லி, முன்னணியத்தின் இரண்டு பக்கமும் கண் வரையச் சொல்கிறான். பார்வை திரும்பக் கிடைத்த என் நன்றி அந்த மரக் கண்ணுக்குள்ளிருந்து பார்த்து உன்னைப் பாறையிலிருந்து காக்கும் என்கிற மாதிரிச் சொல்கிறான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா போன வருடம்தான் இரண்டு கண்ணிலும் புரை வெட்டினவர். கட்டவிழ்த்த அன்று வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சொல்லி முடித்ததும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கடைசியில், “கடலுக்குப் போறதுக்குக் கண் வேணும்தானே” என்றார்.


இரவு ரயில் · திங்கள், இரவு 10.10

அக்கா, வெள்ளி இரவு ரயிலில் வருகிறேன். ஏர்த்சீயின் இரண்டாம், மூன்றாம் புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன, பிள்ளைக்குக் கொண்டுவருகிறேன். இரண்டாவதில் கதாநாயகி ஒரு சிறுமி, நிலத்தடிக் கோயிலில் இருட்டில் வளர்கிறவள், அவளுக்குச் சரியாகப் பிடிக்கும். பழுப்புத்தாள் ஐயா, உங்களுக்கு ‘மீண்டும் ஜீனோ’ பிரதி ஒன்று தேடுகிறேன்.


பழுப்புத்தாள் · செவ்வாய், காலை 6.15

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் தம்பி. கொண்டுவாருங்கள்.


சல்லிக்கரை · செவ்வாய், காலை 8.00

அக்கா, அத்தானிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஃபைபருக்குச் சாதாரண எனாமல் பெயின்ற் நிற்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு, மேலே மரைன் பெயின்ற் அடிக்க வேண்டும். என்னிடம் கறுப்பும் வெள்ளையும் அரை அரை ரின் இருக்கிறது.


உப்புவெளிச் சித்தி · செவ்வாய், மாலை 6.40

நான் கேட்கவே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்! பிள்ளை காலையிலிருந்து அத்தானைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்னேரம் மழை விட்ட நேரம் கரிக்கட்டியால் வள்ளத்தின் இடது பக்கம் ஒரு கண் கீறிவிட்டாள். பெரிய கண், இமைமயிர் எல்லாம் வைத்து. அத்தான் தூர நின்று பார்த்தார், பிறகு கிட்டப் போய்க் கையால் சாண் போட்டு அளந்தார். “மற்றப் பக்கமும் இதே உயரத்தில வரோணும், இல்லாட்டி வள்ளம் சரிஞ்ச மாதிரித் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

பெயின்ற் கொண்டுவா தம்பி. வாடை விடுமுன் காய வேண்டும்.